குடிமனை தேர்தல்

'மனை' என்னும் தமிழ்ச்சொல் வீட்டையும் குறிக்கும். அவ்வீடு நிற்கும் நிலத்தையும் குறிக்கும். மனைவி, மனையாள், மனையறம் என்பன யாவும் அதனடியாகப் பிறந்த சொற்கள். கோவலனும் கண்ணகியும் தனியில்லத்தில் வாழ்க்கை தொடங்குவதைக் கூறும் சிலப்பதிகாரப் பகுதிக்கு 'மனையறம் படுத்த காதை' என்றே பெயர். நிலம், வீடு, இல்லறம் ஆகிய மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கிய முன்னோர், இம்மூன்றும் பிரிக்கவொண்ணாதவை என்று கருதினர் போலும்.

இந்நாட்டுத் தோட்டப்புறத் தமிழர் வாழ்விலோ இம்மூன்றும் நெடுங்காலம் பிரிந்தே இருந்தன. 'லயம்' என்பது வரிசை எனப் பொருள்படும் 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. லயத்தில் வீடு உண்டு, இல்லறமும் உண்டு, நிலம் இல்லை. வேலை உள்ளவரை வீடு. வேலை நின்றால் வீடும் நின்றது. கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தெனமாரம் தோட்டத்தில் ஹென்றி போக்கோனியே 1917-இல் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனையை நட்டார். அது முதலாக எத்தனையோ தலைமுறைகள் அவ்வட்டாரத்தில் காடு திருத்தி, கித்தாப் பால் வெட்டி, குலை அறுத்து மறைந்தன. திருத்திய நிலத்தில் ஒரு மனையளவுகூடப் பெரும்பாலோர்க்கு உரிமையாகவில்லை.

1950-களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது இக்குறை பெருந்துயராக வெளிப்பட்டது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த அத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து 1962-இல் நூலாக வெளியிட்டார். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் அத்துயர் கண்டே. பின்னாளில் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர், சொந்த வீட்டிற்காகப் பல்லாண்டு வாதாட நேர்ந்ததும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

இன்று நிலை சற்று மாறியுள்ளது. பிள்ளைகள் படித்துப் பட்டணத்தில் வேலை பார்க்கின்றனர். ஊழியர் சேமநிதியில் ஒரு பகுதியை வீட்டிற்கென எடுக்க விதி இடமளிக்கிறது. ஓய்வு பெறும் தந்தையும் சம்பாதிக்கும் பிள்ளையும் சேர்ந்து ஒரு மனை வாங்கலாம் என எண்ணும் குடும்பங்கள் பல. ஆயினும் மூன்று தலைமுறையாக நிலம் வாங்கியறியாத குடும்பத்தில், வாங்கும் முறையைச் சொல்லித்தர மூத்தோர் இலர். முப்பதாண்டுச் சேமிப்பு ஒரு பிழையான தாளில் போய்விடுமாயின் அதை மீண்டும் ஈட்ட வயது இராது. ஆதலின் மனை தேரும் முறையை முறைப்பட அறிதல் வேண்டும். பட்டா, மண், நீர், திசை, வழி என ஐந்தாக வகுத்து அதனை நோக்குவோம்.

பட்டா

தமிழகத்திலிருந்து வந்தோர் தம்முடன் கொணர்ந்த கருத்துகளுள் 'அனுபவ பாத்தியம்' என்பது ஒன்று. நீண்டகாலம் தடையின்றி ஆண்டு அனுபவித்தவனுக்கு நிலம் உரிமையாகும் என்பது அதன் பொருள். இந்தியாவில் இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலமாயின் 12 ஆண்டும் அரசு நிலமாயின் 30 ஆண்டும் கடந்தபின் பழைய உரிமையாளர் நிலத்தை மீட்க வழக்காட இயலாது.

மலேசியாவில் நிலை முற்றிலும் வேறு. இங்கு வழங்குவது ராபர்ட் டோரன்ஸ் என்பார் 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ஏற்படுத்திய பதிவுமுறை. சிலாங்கூரில் இம்முறை 1891-இலேயே புகுந்துவிட்டது. இன்றைய தேசிய நிலச் சட்டம் 1965-இல் இயற்றப்பெற்று, 1966 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எவர் பெயர் பதிவேட்டில் உள்ளதோ அவரே உரிமையாளர் என்பது இம்முறையின் உயிர். அச்சட்டத்தின் 48-ஆம் பிரிவு, அரசு நிலத்தில் எத்துணைக் காலம் குடியிருந்தாலும் உரிமை பிறவாது என்கிறது. 341-ஆம் பிரிவு தனியார் நிலத்திற்கும் அதையே கூறுகிறது. "நாற்பது ஆண்டாக இங்கேதான் இருக்கிறோம், எங்களை யார் அசைக்க முடியும்?" என்று பெரியோர் சொல்லும்போது, அச்சொல்லில் நியாயம் இருக்கலாம்; இந்நாட்டுச் சட்டத்தில் அதற்கு வலு இல்லை.

ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் தற்காலிகக் குடியிருப்பு உரிமமும் அத்தகையதே. மக்கள் 'தி.ஓ.எல்.' எனச் சுருக்கி வழங்கும் இவ்வுரிமம், வழங்கிய ஆண்டின் இறுதியோடு முடியும். பிறருக்கு மாற்றித்தர இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் இறக்கும். அத்தகைய நிலத்தைத் 'தி.ஓ.எல். லோட்' என விலை கூறி விற்பவர், தமக்கு உரிமையில்லாத ஒன்றை விற்கிறார் என்று அறிக.

பட்டாவைக் கையில் வாங்கியதும் அதில் நான்கு இடங்களை நோக்க வேண்டும். முதலாவது, உரிமையின் வகை. 'கெரான்' என்றும் 'கெரான் முக்கிம்' என்றும் இருப்பின் அது பொதுவாக நிலைத்த உரிமை. 'பாஜாக்கான்' என்று இருப்பின் குறித்த காலத்திற்கு உரியது; அக்காலம் 99 ஆண்டிற்கு மேற்படாது. 1985-இல் 99 ஆண்டிற்கு வழங்கப்பெற்ற பட்டா 2084-இல் முடியும். இன்று பிறக்கும் பேரப்பிள்ளை முதுமை எய்தும் வேளையில் அந்நிலம் அரசுக்குத் திரும்பும். அத்தகைய நிலத்தை வாங்கலாகாது என்பதன்று. எஞ்சிய காலத்தைக் கணக்கிட்டு விலை பேச வேண்டும் என்பதே கருத்து. 'எச்.எஸ்.(டி)', 'எச்.எஸ்.(எம்)' எனத் தொடங்கும் எண் உடையவை இறுதி அளவை முடியாத தற்காலிகப் பட்டாக்கள். அவற்றில் காணும் பரப்பளவு முடிவானதன்று. இறுதி அளவை முடியும்வரை அந்நிலத்தைக் கூறுபடுத்தவும் இயலாது.

இரண்டாவது, நிலப்பயன். பயிர்த்தொழிலுக்குரிய 'பெர்த்தானியான்', கட்டடத்திற்குரிய 'பாங்குனான்', தொழில்துறை ஆகிய மூன்று வகைகளைச் சட்டம் வகுத்துள்ளது. கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பயிர்நிலமே. உரிமையாளர் தம் பயிர்நிலத்தில் தாம் குடியிருக்க ஒரு வீடு கட்டிக்கொள்வதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆயின் பயிர்நிலத்தை ஐந்தில் இரண்டு எக்டருக்குக் குறைவாகத் தனிப் பட்டாக்களாகப் பிரிக்க முடியாது. அஃது ஏறத்தாழ ஓர் ஏக்கர். 43,000 சதுர அடிக்குச் சற்று மிகுதி.

இங்குதான் ஏமாற்றம் நுழைகிறது. ஓர் ஏக்கர் பயிர்நிலத்தை ஒருவர் பத்தாகக் கயிறு பிடித்து, 4,300 சதுர அடி வீதம் பத்துக் குடும்பங்களுக்கு விற்கிறார் என்று கொள்வோம். முளை அடித்திருக்கும், வேலியும் போட்டிருக்கும், வழக்கறிஞர் முன் எழுதிய ஒப்பந்தமும் இருக்கலாம். ஆனால் பதிவேட்டில் பத்து மனைகள் இல்லை. ஒரே நிலம்தான் உண்டு. ஒருவர் கடன்பட்டாலும் இறந்தாலும் மற்ற ஒன்பதின்மரும் இடர்ப்படுவர். கட்டட அனுமதியோ வங்கிக் கடனோ பெறுதல் அரிது. 'பங்குப் பட்டா' எனச் சொல்லி விற்கப்படும் மனைகளை வாங்குமுன் பன்முறை எண்ணுக.

மூன்றாவது, பட்டாவில் எழுதப்பெற்ற கட்டுப்பாடு. 'செக்காத்தான் கெப்பெந்திஙான்' என்னும் தலைப்பின்கீழ் அது காணப்படும். மாநில அரசின் இசைவின்றி விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என அங்கு எழுதியிருப்பின், இசைவு கிடைக்குமுன் முழுப்பணத்தையும் கொடுத்தல் பேதைமை. நான்காவது, மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பது. 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கிய இவ்வொதுக்கீட்டின்படி, அத்தகைய நிலத்தை மலாய்க்காரர் அல்லாதார்க்கு மாற்றித்தருதல் செல்லாது. விற்பவர் எத்துணை நல்லவராயினும், நட்பினால் சட்டம் மாறாது.

இவற்றை அறிய விற்பவர் காட்டும் நகலை நம்பவேண்டுவதில்லை. 'சாரியான் ரஸ்மி' எனப்படும் அதிகாரமுறைத் தேடலுக்கு எவரும் சிறு கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். முக்கிம் பட்டாவாயின் மாவட்ட நில அலுவலகத்திலும், ஏனையவாயின் ஷா ஆலாமிலுள்ள மாநில நில அலுவலகத்திலும் பதிவேடு இருக்கும். நிலம் அடகில் உள்ளதா, எவரேனும் தடை மனு பதிந்துள்ளனரா என்பதையும் அத்தேடல் காட்டிவிடும். முன்பணம் கொடுக்குமுன் ஒருமுறையும், கையொப்பம் இடுமுன் மற்றொரு முறையும் தேடுதல் நன்று.

மண்

பட்டா தெளிந்தபின் நிலத்தைக் காணச் செல்லலாம். வட சிலாங்கூரின் மண் மூவகைப்பட்டது. கடலோரமாகக் கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரை நீள்வது கடற்களிமண். அதற்கு உள்ளே ராஜா மூசா, சுங்கை காராங் காடுகளைச் சூழ்ந்திருப்பது முற்றா நிலக்கரி எனத்தகும் புல்கரி மண். மலாயில் அதைத் 'தானா காம்புட்' என்பர். இன்னும் கிழக்கே செல்லின் செம்மண் மேடுகள் தொடங்கும்.

புல்கரி மண் என்பது நீரில் மூழ்கி மக்காது கிடந்த மரஞ்செடிகளின் குவியலே. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் பழுப்புநிற நீர் வடியும். கையில் நார் தங்கும். கால்வாய் வெட்டி நீரை வடித்தவுடன் அது காற்றுப்பட்டு மக்கத் தொடங்கும்; நிலம் தாழும். ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் தாழ்கிறது என்று கொண்டால், இருபது ஆண்டில் அறுபது சென்டிமீட்டர், அதாவது இரண்டடி. ஆழமாக முளையிறக்கிக் கட்டிய வீடு அப்படியே நிற்க, சுற்றிலுமுள்ள முற்றம் மட்டும் கீழிறங்கும். படிக்கட்டு தொங்கும், கழிவுநீர்க் குழாய் முறியும். முளையின்றிக் கட்டிய வீடோ நிலத்தோடு சாயும். வறட்சிக்காலத்தில் இம்மண் தீப்பற்றி நிலத்தடியில் புகைவதும் உண்டு.

கடற்களிமண் இதனினும் மேலானது, எனினும் மென்மையானது. அதில் கட்டுவோர் முளையடிக்க வேண்டும். பக்காவ் மர முளைகள் நீர்மட்டத்திற்குக் கீழே இருக்கும்வரை நெடுநாள் நிற்கும். நீர்மட்டம் தாழ்ந்து காற்றுப்பட்டால் உளுத்துப்போகும். இக்களிமண்ணின் சில பகுதிகளில் கந்தகம் கலந்த கனிமம் உண்டு. நீர் வடிந்து காற்றுப்பட்டதும் அது கந்தக அமிலமாக மாறிக் காரையையும் இரும்பையும் அரிக்கும். வெட்டிய கால்வாயின் கரையில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் காணின் அஃது அதன் அடையாளம்.

செம்மண் மேடு வீட்டிற்கு உகந்தது. ஆயினும் முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் ஒரு நுட்பம் உண்டு. அங்கு ஈயக்கப்பல்கள் பல்லாண்டு நிலத்தைத் தோண்டி மணலையும் சேற்றையும் வேறு வேறாகக் கொட்டின. மேலே மணலாகத் தோன்றும் இடத்தின் அடியில் கூழ்போன்ற சேறு இருக்கலாம். அங்கு மனை வாங்குவோர், பழைய ஈயக்குட்டையா என அண்டையிலுள்ள முதியோரைக் கேட்டறிதலும், துளையிட்டு மண் சோதித்தலும் வேண்டும். சோதனைக்கு ஆகும் செலவு, வெடித்த சுவரைப் பூசும் செலவினும் குறைவே.

நீர்

சமவெளியில் ஓரடி மேடும் பெருஞ்செல்வம். 4,000 சதுர அடி மனையில் ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 37,000 லிட்டர். 200 லிட்டர் பீப்பாயில் அளந்தால் 185 பீப்பாய். இந்நீர் எவ்வழியே செல்லும் என்பதற்கு விற்பவர் விடை சொல்ல வேண்டும். "கால்வாய் இருக்கிறதே" என்பது பாதி விடை. அக்கால்வாய் எங்கே முடிகிறது என்பது மறுபாதி.

கடலோரத்தில் கால்வாய்கள் மதகுகளில் முடிகின்றன. கடல் ஏறும்போது மதகை மூடவேண்டும். மூடியிருக்கையில் மழைநீர் வெளியேறாது. அமாவாசையும் பௌர்ணமியும் கடல் மிகுதியாக ஏறும் நாள்கள். அந்நாளில் கனமழையும் சேர்ந்தால் நீர் தேங்கும். ஆகவே மனையைப் பார்க்கச் செல்வோர் வெயில் நாளில் மட்டும் செல்லாது, பெருமழைக்கு மறுநாளும், இயன்றால் அமாவாசையை ஒட்டியும் சென்று காண்க. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் நேர்ந்த பெருவெள்ளத்தில் நீர் எந்த அளவு ஏறியது என்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள். சுவரில் கறை இருப்பின் அதுவே சான்று. மண் கொட்டி மனையை உயர்த்தலாம். ஆயின் நம் மேடு அண்டையாரின் பள்ளமாகிப் பகையை வளர்க்கலாகாது.

திசை

மனை என்றதும் நம் மக்கள் முதலில் கேட்பது திசை. இங்கு அது நான்காவதாக வருவது காரணம் பற்றியே. திசை பார்த்தல் நம்மவர்க்குப் பழைய வழக்கம். மதுரைப் பாண்டியன் அரண்மனைக்கு நிலம் வகுத்த முறையை நக்கீரர் நெடுநல்வாடையில் கூறுகிறார். உச்சிப்பொழுதில் கோல் நட்டு, அதன் நிழலால் திசையைத் துணிந்து, கட்டடநூல் வல்லோர் கயிறு பிடித்தனர் என்பது அவர் தரும் செய்தி. இது குருட்டு நம்பிக்கையன்று; வானை அளந்து அறிந்த அறிவு.

அவ்வறிவை இங்கும் பயன்படுத்துவோம். மதுரை ஏறத்தாழ வடக்கே 10 பாகையில் உள்ளது. கோலசிலாங்கூர் மூன்றேகால் பாகையை ஒட்டி உள்ளது. மதுரையில் உச்சிச் சூரியன் வடபால் நிற்பது ஆண்டில் நான்கு திங்களுக்குச் சற்று மிகுதி. எஞ்சிய எட்டுத் திங்களும் தென்பாலே. கோலசிலாங்கூரிலோ மார்ச்சு இறுதி முதல் செப்டம்பர் நடு வரை, ஐந்தரைத் திங்கள் வடபால் நிற்கிறது. அங்கு வடக்கிற்கும் தெற்கிற்கும் பெரிய வேற்றுமை உண்டு. இங்கு அவ்வேற்றுமை சிறிதே. கிழக்கு, மேற்குச் சுவர்கள்மேல் சாய்ந்துவிழும் வெயில் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மேலும், ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் 'சுமத்ரா' எனப்படும் புயற்காற்று மேற்கிலிருந்து மழையோடு வரும். ஆதலின் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்குமாறு வீடு அமைக்க இடந்தரும் மனையே ஏற்றது. மேற்கில் மரம் வைக்க இடமிருப்பின் இன்னும் சிறப்பு.

மனையடி சாத்திரம் பார்க்க விரும்புவோர் பார்க்கட்டும். மனநிறைவும் வீட்டிற்கு வேண்டுவதே. ஆனால் ஈசானிய மூலை அமைந்தது என்பதற்காகப் பிழையான பட்டாவை வாங்குவதும், தெற்கு வாயில் என்பதற்காக நல்ல மனையைத் தள்ளுவதும் அறிவுடைமை ஆகா. வாயிலை வரைபடத்தில் மாற்றலாம். பட்டாவை மாற்ற முடியாது.

வழி

கண்ணுக்குத் தெரியும் செம்மண் பாதை எல்லாம் சாலை ஆகாது. தோட்டப்புறத்தை ஒட்டிய மனைகளில் அப்பாதை தோட்ட நிறுவனத்தின் நிலமாக இருத்தல் கூடும். நிறுவனம் கைமாறினால் நாளை அங்கே கம்பிக்கதவு வரலாம். பட்டாவோடு இணைந்த அளவை வரைபடத்தில் சாலை ஒதுக்கீடு காட்டப்பட்டுள்ளதா எனப் பார்க்க. எல்லைக் கற்கள் வரைபடத்தில் கண்ட இடத்தில் உள்ளனவா என உரிமம் பெற்ற அளவையாளரைக் கொண்டு உறுதிசெய்க. ஊராட்சி மன்றத்தில் வட்டாரத் திட்ட வரைபடத்தையும் பார்வையிடலாம். மேற்குக் கரை நெடுஞ்சாலை செல்லும் இப்பகுதியில் புதிய சாலைகளுக்கென நிலம் எடுக்கப்படுவது இயல்பே. குழாய்நீரும் மின்சாரமும் எத்துணைத் தொலைவில் நிற்கின்றன என்பதையும் அளந்தறிக. அவற்றை மனைவரை கொணரும் செலவு விலையில் சேராது. நம் தலையில் சேரும்.

பள்ளியும் மருத்துவமனையும் கோவிலும் எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். முதியோர்க்கு மருத்துவமனை, பேரப்பிள்ளைகட்குத் தமிழ்ப்பள்ளி. தோட்டம் குலைந்து மக்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறினால் பள்ளியில் பிள்ளைகள் குறைவர். அறிந்தவர் நால்வர் கூடி ஒரே பகுதியில் தனித்தனிப் பட்டாவுடைய மனைகளை வாங்கினால், வீட்டோடு ஊரும் உண்டாகும்.

ஆசிரியர் கடன்

இவற்றைச் சொல்வது ஆசிரியர் தொழிலா என வினவுவார் உளர். ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலிற் கற்றது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்னும் நெறி. பரப்பளவுக் கணக்கிற்கு ஒரு மனையின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம். நில நூலுக்குப் பள்ளி வேலியோரத்து மண் போதும். உச்சிநிழலை அளக்க ஒரு துடைப்பக் குச்சி போதும். நிலப் பட்டா மலாய்மொழியில் உள்ளது. தமிழ் மட்டுமே கற்ற பாட்டனாருக்கு அது விளங்காது; ஆறாம் வகுப்புப் பேத்திக்கு விளங்கும். எந்த வரியை நோக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்கு நாம் சொல்லித்தர வேண்டும்.

பெற்றோர் நம்மிடம் வந்து, "ஐயா, இந்தக் கிராண்டைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது தோட்டப்புறத்தில் வழக்கமே. அவ்வேளையில் நல்ல நாள் எது என்று கூறி அனுப்பிவிடாது, பெயர், வகை, பயன், கட்டுப்பாடு ஆகிய நான்கையும் வரிசையாகப் படித்துக்காட்டி, நில அலுவலகத்திற்குச் செல்லும் வழியையும் சொல்லி அனுப்புவோமாக. அதற்கு ஆகும் நேரம் ஒரு பாடவேளைகூட இராது. அந்தக் குடும்பத்திற்கோ அது முப்பதாண்டு உழைப்பின் காவல்.